இளவரசரின் குதிரைப் புத்தகமும் என் கைப்பிழையும்

போன மாதம் நித்யா போன் செய்தாள். நியூஜெர்சியில் நான் இருபத்தாறு வருடம் வேலை பார்த்த பல்கலைக்கழக நூலகத்தில் இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண். கோயம்புத்தூர்ப் பக்கம். பழைய ஜெர்மன் கையெழுத்தைப் படிக்க ஒரு மென்பொருள் வாங்கியிருக்கிறார்களாம். அதைச் சொல்லத்தான் போன்.

"ஆன்ட்டி, நீங்க ஒரு பேஜுக்கு ஒரு நாள் எடுப்பீங்கல்ல, இது ஒரே நிமிஷத்துல படிச்சிடுது. தப்பா எடுத்துக்காதீங்க."

தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அவள் அனுப்பிய மாதிரிப் பக்கத்தைப் பார்த்தேன். ஓரிடத்தில் அது என்னைவிடச் சரியாகவே படித்திருந்தது. கொஞ்சம் வயிறு எரிந்தது, அதையும் மறைப்பானேன். நித்யா விடவில்லை. புதிதாகச் சேர்ந்தவர்களுக்குச் சொல்ல என் அனுபவத்தில் நாலு விஷயம் எழுதித் தரவேண்டும் என்றாள். தமிழிலேயே எழுதுங்கள், நான் சொல்லிக்கொள்கிறேன் என்றாள்.

எழுதுகிறேன். ஆனால் எழுத்தைப் படித்த பெருமையை அல்ல. அதை இனி இயந்திரம் பார்த்துக்கொள்ளும். எழுத்தே இல்லாத ஓரிடத்தில் நான் செய்த தவறைப் பற்றி எழுதுகிறேன்.

நான் பாளையங்கோட்டைக்காரி. அம்பத்தூரில் ஒரு பம்பு கம்பெனியில் ஜெர்மன் இயந்திரங்களோடு வரும் கையேடுகளை மொழிபெயர்க்க ஆள் வேண்டியிருந்தது, அதற்காக மாலை வகுப்பில் ஜெர்மன் படித்தேன். கல்யாணமாகி நியூஜெர்சி வந்த பிறகு அந்தப் படிப்பு பரணில் ஏறிவிட்டது. என் வீட்டுக்காரர் காலையில் பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயிலேறி நியூயார்க் போய்விடுவார். மகள் பள்ளிக்கூடம் போய்விடுவாள். வெஸ்ட் வின்ட்சர் வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாள் உட்கார்ந்திருப்பது? நூலகத்தின் ஆவணப் பிரிவில் ஜெர்மன் தெரிந்தவர் தேவை என்று விளம்பரம் பார்த்து விண்ணப்பித்தேன். எடுத்துக்கொண்டார்கள். பழைய கையெழுத்துக்கு ஆறு வாரம் பயிற்சி கொடுத்தார்கள். முதல் இரண்டு வாரம் கம்பளிப்பூச்சிகள் வரிசையாக ஊர்வது மாதிரிதான் தெரிந்தது, பிறகு படிய ஆரம்பித்தது. பயிற்சி பற்றி இவ்வளவு போதும்.

வேலை இதுதான். யாரோ ஒருவர் வாழ்ந்து முடித்த காகிதங்கள் பெட்டிகளில் வரும். குண்டூசி, கிளிப், ரப்பர் பேண்டு எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். அமிலம் இல்லாத உறைகளில் போட்டு, உறைக்கு எண் கொடுக்க வேண்டும். பேனா கூடாது, பென்சில் மட்டும். எல்லாவற்றுக்கும் மேலான விதி ஒன்று உண்டு: வந்த வரிசையைக் கலைக்கக் கூடாது. நமக்குக் குப்பையாகத் தெரிகிற வரிசை அவருக்கு வரிசையாக இருந்திருக்கும். புத்தகத்துக்குள் கடிதம் செருகியிருந்தால் அதைத் தனியே எடுக்கலாம், ஆனால் எடுக்கும் முன்பே எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தோம் என்று கடிதத்தின் பின்மூலையில் பென்சிலால் குறித்துவிட வேண்டும்.

கடைசியில் அந்த மனிதரைப் பற்றி ஒரு பக்க வாழ்க்கைக் குறிப்பு எழுத வேண்டும். என் மேலதிகாரி வாரன் அதில் ரொம்பக் கறார். எந்த வாக்கியமாக இருந்தாலும் அது எந்தப் பெட்டியில் எந்தக் காகிதத்திலிருந்து வந்தது என்று காட்ட வேண்டும். 'புகழ்பெற்ற', 'துயரமான' மாதிரிச் சொற்களை அவர் கோடுகூடப் போட்டு அடிக்க மாட்டார். அழகாக அழித்துவிட்டு, அழித்த தூளை ஊதிவிட்டுத் தருவார்.

வாரன் என்னைவிட ஒன்பது வயது சின்னவர். சாம்பல் நிற ஸ்வெட்டர், காலை பதினொரு மணிக்கு ஒரு ஆப்பிள். தவறு கண்டுபிடித்தால் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார். நாம் எழுந்து போயிருக்கும் நேரம் பார்த்து மேஜையில் ஒரு சின்னச் சீட்டு வைத்திருப்பார். அதில் பெட்டி எண், உறை எண், ஒரு கேள்விக்குறி. அவ்வளவுதான். அந்தக் கேள்விக்குறிக்கு நான் பயந்த மாதிரி பாளையங்கோட்டைத் தலைமையாசிரியையின் பிரம்புக்குக்கூடப் பயந்ததில்லை. என் மேஜைக்குச் சீட்டு வருவது குறைவு என்பதில் எனக்கு உள்ளூரக் கர்வமும் உண்டு.

இனி இளவரசர். பெயர் வோல்ஃப்ராம். ஜெர்மனி தேசம் பல சின்ன அரசர்களின் கீழ் துண்டு துண்டாக இருந்ததே, அதில் நம் கணக்கில் ஒரு தாலுகா அளவுள்ள நாட்டின் மூன்றாவது மகன். அவருடைய பேத்தி கல்யாணமாகி அமெரிக்கா வந்து, நியூஜெர்சியில் முதுமை அடைந்து, நாலு பெட்டிகளை எங்களிடம் ஒப்படைத்துவிட்டு முதியோர் இல்லத்துக்குப் போனார். தாத்தாவைப் பற்றி எதையும் மறைக்க வேண்டாம் என்று மட்டும் எழுதிக் கொடுத்திருந்தார்.

மூன்றாவது மகனுக்கு அரியணை கிடையாது, அதனால் குதிரை. நாலு வயதில் சேணத்தில் உட்கார வைத்தார்கள். பத்து வயதில் ராணுவப் பள்ளி. இருபதில் குதிரைப்படை அதிகாரி. பிறகு ஏறக்குறைய நூற்றைம்பது குதிரைகள் கொண்ட ஒரு படைப்பிரிவுக்குத் தலைவர். அமைதிக்கால ஆண்டுகளில் அவர் எழுதிய கடிதங்களைப் படித்தால் கொட்டாவி வரும். எல்லாம் ஓட்ஸ் தீவனம், லாடம், குதிரைகளின் இருமல். தங்கைக்கு எழுதிய திருமண வாழ்த்தில்கூட அரைப்பக்கம் ஒரு குதிரையின் பல்வலி.

பிறகு முதல் உலகப் போர். முதல் சில வாரங்கள்தான் குதிரைமேல் போனார்கள். இயந்திரத் துப்பாக்கியும் முள்கம்பியும் வந்த பிறகு குதிரைப்படைக்கு வேலையே இல்லை. குதிரைகள் பீரங்கி இழுத்தன, செய்தி கொண்டுபோயின, செத்தன. போர் முடிந்ததும் அரசர்களே இல்லை என்றானது. அரண்மனை அரசாங்கத்துக்குப் போயிற்று. இளவரசர் வண்டிக்கொட்டகைக்கு மேலிருந்த இரண்டு அறைகளில் குடியிருந்துகொண்டு ஊர்ப் பல்மருத்துவரின் பெண்களுக்கும் ரொட்டிக்கடைக்காரர் பெண்களுக்கும் குதிரையேற்றம் சொல்லிக் கொடுத்தார். நிமோனியாவில் இறந்தார். இவ்வளவும் என் குறிப்பில் பதினோரு வாக்கியங்களில் அடங்கிவிட்டது.

மூன்றாவது பெட்டியில் அவருடைய குதிரைப் புத்தகம் இருந்தது. தோல் அட்டை போட்ட பெரிய நோட்டு. குதிரைக்கு ஒரு பக்கம். அந்த ராணுவத்தில் ஒரு வருடம் வாங்கிய குதிரைகளுக்கெல்லாம் ஒரே எழுத்தில் தொடங்கும் பெயர் வைப்பார்களாம். பெயர், உயரம், நிறம், நெற்றியில் வெள்ளை உண்டா, எதற்கு மிரளும், யார் சவாரி செய்கிறார், அவர் எந்த ஊர் என்று எல்லாம் இளவரசர் தன் கையாலேயே எழுதியிருந்தார். நடுவே பக்கங்களுக்கு இடையில் கடிதங்கள் செருகியிருந்தன. பெரும்பாலும் கறுப்புக் கரை போட்டவை. போரில் செத்த வீரர்களின் வீட்டிலிருந்து வந்த துக்கக் கடிதங்கள்.

அது ஒரு வியாழக்கிழமை. மறுநாள் நான் டெக்சஸில் ஆலனுக்கு விமானம் ஏற வேண்டும். அங்கேதான் மகளைக் கொடுத்திருக்கிறது. சனிக்கிழமை அவளுக்கு வளைகாப்பு. என் கைப்பையிலேயே ஒரு டஜன் கண்ணாடி வளையல் இருந்தது, மதியம் கடையில் மாற்ற வேண்டும் என்று எடுத்து வந்திருந்தேன்.

நம் வீடுகளில் கருமாதிக் கடிதம் வந்தால் என்ன செய்வோம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. படித்த கையோடு கிழித்துப் போடுவோம். வீட்டுக்குள் வைக்க மாட்டோம், மற்றக் கடிதங்களோடு சேர்க்க மாட்டோம். பிள்ளைத்தாய்ச்சிக்கு வளையல் அடுக்கப்போகிற கையில் முன்பின் தெரியாத ஊரின் சாவு ஓலைகள். எனக்கு மனசு ஒப்பவில்லை. புத்தகத்தை விரித்து, ஒவ்வொன்றாக உருவி, நாற்பத்தொரு கடிதங்களையும் ஒரே உறையில் போட்டு, 'துக்கக் கடிதங்கள்' என்று எழுதிக் கீழ்த்தட்டில் வைத்தேன். எந்தப் பக்கம் என்று எதிலும் குறிக்கவில்லை. குறிக்க வேண்டுமென்றால் ஒவ்வொன்றையும் திருப்பிக் கையில் பிடித்திருக்க வேண்டுமே. வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்தேன்.

வளைகாப்பு நன்றாக நடந்தது. பேரன் பிறந்தான். விடுப்பு எடுத்து ஆலனில் இருந்தேன், திரும்பி வந்தேன், நாலு பெட்டிக்கும் பட்டியல் முடித்தேன். ஒவ்வொரு கடிதத்தையும் படிக்க வேண்டும் என்று விதி இல்லை, உறையின் தலைப்பு போதும். அந்த உறையை நான் மறுபடி திறக்கவே இல்லை. பட்டியல் இணையத்தில் ஏறியது, வாரனிடமிருந்து சீட்டும் வரவில்லை.

பேரனுக்கு ஒன்பது மாதம் ஆகும்போது டெக்சஸிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் எர்வின். எண்பத்தாறு வயது. ஹில் கன்ட்ரி என்கிற மேட்டுப் பகுதியில் மாட்டுப் பண்ணை. அங்கே ஜெர்மன் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. அவருடைய பாட்டி போருக்குப் பிறகு இரண்டு பிள்ளைகளோடு அங்கிருந்த தன் அண்ணனிடம் வந்து சேர்ந்தவர். தாத்தா யோஹான் ஷ்மிட் எங்கள் இளவரசரின் படைப்பிரிவில் சிப்பாய். 'காணவில்லை' என்று ராணுவத்திலிருந்து ஒரு வரி வந்ததோடு சரி. பாட்டி படைத்தலைவருக்கு எழுதிக் கேட்டாராம், பதிலே வரவில்லை. படையை விட்டு ஓடிப்போனவன் என்று ஊரில் பேச்சு. பாட்டியின் கல்லறைக் கல்லில் பாதி இடம் கணவர் பெயருக்காக விட்டிருக்கிறது. தெரியாமல் பெயரை வெட்டக் கூடாது என்று பாட்டி சொல்லிவிட்டுப் போனாராம். எர்வின் எழுதியிருந்தார்: நான் போவதற்குள் அந்தப் பாதியை நிரப்ப வேண்டும். என் தாத்தா செத்தாரா, ஓடினாரா என்று உங்கள் இளவரசரின் காகிதத்தில் இருக்கிறதா?

உறையை எடுத்து அன்றுதான் முதல்முறையாக எல்லாவற்றையும் படித்தேன். கடிதங்களின் பின்புறத்தில் இளவரசர் தன் பதில்களுக்குப் பென்சிலால் நகல் எழுதி வைத்திருந்தார். 'யோஹான் ஷ்மிட்டின் மனைவி' என்று கையெழுத்திட்டவை மூன்று. ஜெர்மனியில் அந்தப் பெயர் நம் ஊரில் முருகன், சுப்பிரமணி மாதிரி. எழுதத் தெரியாத பெண்களுக்கு ஊர் வாத்தியார்கள் எழுதிக் கொடுத்தவை, ஊர்ப் பெயர்கூட இல்லை. ஒன்றின் பதிலில், கணவர் குண்டு விழுந்து அந்த இடத்திலேயே இறந்தார் என்றிருந்தது. இன்னொன்றில், அடிபட்ட தோழனைத் தூக்கப் போய்ச் சுடப்பட்டார் என்றிருந்தது. மூன்றாவதில், பனிமூட்டத்துக்குள் போனவர் திரும்பவில்லை என்றிருந்தது. அந்தக் கடிதம் மட்டும் கறுப்புக் கரை இல்லாத வெள்ளைத் தாள். ஏழைகள், கரை போட்ட தாள் வாங்க முடிந்திருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

குதிரைப் புத்தகத்தைத் திறந்தேன். மூன்று யோஹான் ஷ்மிட்டுகளும் மூன்று பக்கங்களில் ஊர்ப் பெயரோடு இருந்தார்கள். எர்வின் சொன்ன ஊர்க்காரர் ஓட்டியது டிஸ்டல் என்ற செவலைப் பெட்டைக் குதிரை. அந்தப் பக்கத்தில் எந்தக் கடிதம் இருந்தது என்று தெரிந்தால் போதும், ஒரு கிழவருக்கு வாழ்நாள் கேள்வி தீர்ந்துவிடும். அதைத்தான் நான் உருவிப் போட்டுவிட்டேன். ஒரு மூலையில் ஒரு சின்ன எண். அதை எழுத எனக்குக் கை கூசியிருந்தது.

எனக்கு அழுகை வந்தது. கழிப்பறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு பதினொரு மணிக்கு வாரனிடம் போனேன். ஆப்பிள் கையில் இருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன், வளையல் உட்பட. அவர் மென்று முடித்து, மிச்சத்தைத் தாளில் சுற்றி வைத்துவிட்டு, துக்கக் கடிதம் வந்தால் உங்கள் வீட்டில் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். படித்துவிட்டுக் கிழித்துப் போடுவோம் என்றேன்.

"அப்படியானால் பாதி வழியில் நிறுத்தியிருக்கிறீர்கள். நன்றி" என்றார்.

பிறகு ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து என் மேஜையருகே உட்கார்ந்தார். புத்தகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி, பக்கத்தைக் கண் மட்டத்துக்குத் தாழ்ந்து பார்த்தார். மலிவான தாள் பல வருடம் ஒரு புத்தகத்துக்குள் கிடந்தால் எதிர்ப்பக்கத்தில் பழுப்பாக ஒரு நிழல் விழும். கறுப்புக் கரையின் மை கோடாகப் படியும். மடிப்பு இருந்த இடம் லேசாக அழுந்தியிருக்கும். சாய்ந்த வெளிச்சத்தில்தான் தெரியும். அதைப் பார்த்துக் கடிதங்களை ஒவ்வொன்றாகப் பொருத்த வேண்டும்.

நான் நேரே டிஸ்டலின் பக்கத்தைத் திறக்கப் போனேன். வாரன் என் கையைத் தடுக்கவில்லை, முதல் பக்கத்தை மட்டும் திறந்து வைத்தார். வேண்டியதிலிருந்து தொடங்கினால் வேண்டியதுதான் கண்ணுக்குத் தெரியும் என்றார். அதனால் முதல் கடிதத்திலிருந்து நாற்பத்தொன்றும். காலை வெளிச்சம் வரும் இரண்டு மணி நேரம்தான் வேலை. அவர் அளவு சொல்வார், நான் எழுதுவேன். பிறகு இடம் மாறி நான் பார்ப்பேன், அவர் எழுதுவார். இருவர் கணக்கும் ஒத்துப்போனால்தான் கடிதத்தின் மூலையில் பென்சில் எண். ஒரு கடிதத்தின் மடிப்பில் ஓட்ஸ் உமி ஒன்று ஒட்டியிருந்தது, பக்கத்தில் அதே இடத்தில் அதன் பள்ளம். அப்படி ஒன்று பொருந்தும்போது என்னை அறியாமல் 'அப்பாடா' என்பேன். கடைசி வாரத்தில் வாரனும் 'அப்பாடா' சொல்ல ஆரம்பித்தார்.

மூன்று வாரம் ஆயிற்று. ஒவ்வொரு நாளும் வீட்டுக்குப் போகும்போது, டிஸ்டலுக்குக் குண்டு விழுந்த கடிதமாக அமையட்டும் என்று பிள்ளையாரிடம் சொல்லிக்கொண்டு போனேன். செத்துப்போயிருக்க வேண்டும் என்று ஒரு மனிதருக்காக வேண்டிக்கொள்கிறோமே என்று பிறகுதான் உறைத்தது.

அமையவில்லை. கறுப்புக் கோடு இல்லாத நிழல் அந்தப் புத்தகம் முழுவதிலும் ஒன்றுதான். அது டிஸ்டலின் பக்கத்தில் இருந்தது. வெள்ளைத் தாள் அதில் நான்கு மூலையும் பிசகாமல் உட்கார்ந்தது. பக்கத்தின் அடியில் இளவரசர் இரண்டு குறிப்பு எழுதியிருந்தார். பென்சிலில் 'அனுப்பவில்லை'. கீழே, வேறொரு நாள் மையில், 'என்னோடு வருகிறாள்'. கொட்டகையில் அவர் கடைசிவரை வைத்திருந்த ஒரே குதிரை டிஸ்டல்தான் என்று வேறு காகிதங்களில் இருந்தது.

பதில் நகலில் மூன்று இடங்களில் எழுதி அடித்திருந்தார். அடிக்காமல் விட்டது இது: "உங்கள் கணவர் அன்று காலை ஒரு செய்தியோடு பனிமூட்டத்துக்குள் போனார். திரும்பவில்லை. மூன்றாம் நாள் குதிரை தானாக வந்து சேர்ந்தது. உடம்பில் காயமில்லை. கடிவாள வாரைக் கழுத்தின் மேல் முடிச்சுப் போட்டிருந்தது. கால் வைத்து ஏறும் அங்கவடிகள் இரண்டு பக்கத்திலும் மேலே ஏற்றிச் செருகியிருந்தன. ஓட நினைப்பவன் குதிரையைத் திருப்பி அனுப்ப மாட்டான். இதற்குமேல் எனக்குத் தெரியாது."

கடைசிக்கு முந்தைய வரியைப் படித்ததும் எனக்கு உயிர் வந்தது. தாத்தா ஓடவில்லை, இளவரசரே சொல்கிறார். ஆனால் ஒரு பெண் இதற்காக ஆயுள் முழுக்கக் காத்திருக்க, எழுதிவிட்டு அனுப்பாமல் வைத்தாரே என்று அவர்மேல் எனக்கு ஆத்திரமாக வந்தது. சோம்பல், பெரிய இடத்து அலட்சியம் என்றெல்லாம் வாரனிடம் பொரிந்தேன். குறிப்பில் அதை எழுதாதீர்கள் என்று மட்டும் சொன்னார். பட்டியலில் வேறொன்றை எழுதினேன். கடிதங்களைப் பக்கம் குறிக்காமல் எடுத்தது நான் என்றும், இடங்கள் பிறகு தடயங்களை வைத்து மீட்கப்பட்டன என்றும் என் பெயர் போட்டு எழுதினேன். பெயர் தேவையில்லை என்றார் வாரன். இருக்கட்டும் என்றேன்.

பேரனின் முதல் பிறந்தநாளுக்கு ஆலன் போனபோது எர்வினைப் பார்த்துவிட்டு வரவேண்டும் என்றேன். என் வீட்டுக்காரர் முகத்தைச் சுளித்தார்.

"ஒரு லெட்டரப் படிச்சுக் காட்ட நாலரை மணி நேரம் டிரைவ் பண்ணணுமா? ஸ்கேன் பண்ணி அனுப்பிட்டா ஆச்சு."

"நல்ல சேதி. நேர்ல சொல்லணும்" என்றேன். அவர் மறுநாள் காலை ஆறு மணிக்கு வண்டியை எடுத்தார்.

சுண்ணாம்புக்கல் வீடு. வாசல் வராந்தாவில் எர்வின் உட்கார்ந்திருந்தார். பெரிய கைகள், மெல்லிய கால்கள். எங்களுக்கு ஐஸ் டீ கொடுத்தார். பக்கத்தில் வராந்தாக் கம்பியின்மேல் ஒரு பழைய சேணம் கடிவாளத்தோடு கிடந்தது. கடிதத்தின் பிரதியை வாங்கி முதலில் தாளைத்தான் பார்த்தார். கரை இல்லையே என்றார். வாங்க முடிந்திருக்காது என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார், ஆமாம் என்றா இல்லை என்றா எனக்குத் தெரியவில்லை.

ஜெர்மனில் ஒருமுறை, இங்கிலீஷில் ஒருமுறை படித்தேன். ஓட நினைப்பவன் குதிரையைத் திருப்பி அனுப்ப மாட்டான் என்ற வரியைக் கொஞ்சம் அழுத்தியே படித்தேன். அவர் முகம் மலரும் என்று பார்த்தேன். அவர் அந்த வரியை விட்டுவிட்டு அங்கவடி வரியை மறுபடி படிக்கச் சொன்னார். படித்தேன். இன்னொரு முறை என்றார்.

பிறகு கைத்தடியை ஊன்றிக்கொண்டு எழுந்து சேணத்திடம் போனார். கடிவாள வாரை இழுத்து முடிச்சுப் போட்டார். இந்தப் பக்கத்து அங்கவடியை மேலே ஏற்றி வாரில் செருகினார். கம்பியின் கோடி வரை நடந்து, சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய், மெதுவாக இன்னொன்றையும் செருகினார். என் வீட்டுக்காரர் உதவிக்கு எழுந்தார், எர்வின் கையைக் காட்டி நிறுத்தினார். முடித்துவிட்டு மூச்சு வாங்க நின்றார். அவர் பேசியது டெக்சஸ் இங்கிலீஷ், என் காதில் விழுந்தபடி தமிழில் தருகிறேன்.

"இதுக்குக் குதிரையைச் சுத்தி நடக்கணும். ரெண்டு கையும் வேணும். அடிபட்டவன் செய்யற வேலை இல்ல இது. நல்லா இருக்கிற மனுஷன், அவசரமே இல்லாம செஞ்சிருக்கான். குதிரையோட போனா பிடிச்சிடுவாங்க. பட்டாளத்துச் சூட்டு முத்திரை அதோட தொடையில இருக்கும். அதனால அதை வீட்டுக்கு அனுப்பிட்டு, நடந்து போயிருக்கார்."

நல்ல சேதி என்று சொல்லிக்கொண்டு இவ்வளவு தூரம் வந்து, கிழவர் எதைக் கேட்டுப் பயந்திருந்தாரோ அதையே அவர் கையில் கொடுத்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்டேன். இளவரசர் அப்படிச் சொல்லவில்லையே என்றும் தடுமாறினேன்.

"உங்க இளவரசருக்குக் குதிரை தெரியாதா? எழுதிட்டுத் தானே படிச்சுப் பார்த்திருப்பார். பட்டாளத்துத் தபாலை வழியிலயே பிரிச்சுப் படிப்பாங்க. குதிரை தெரிஞ்ச ஒருத்தன் படிச்சாப் போதும், எங்க தாத்தாவைத் தேட ஆரம்பிச்சிருப்பாங்க. அதான் அனுப்பல. அவர் இடத்துல நான் இருந்தாலும் அனுப்பியிருக்க மாட்டேன்."

இரண்டு மாதமாக அந்த இளவரசரை மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தவள் நான். அவர் எழுதிய ஒவ்வொரு எழுத்தையும் படித்திருந்தேன். அவர் எழுதிய குதிரையை நான் பார்க்கவே இல்லை. வெட்கமாக இருந்தது. அதோடு, சொல்லத்தான் வேண்டும், சந்தோஷமாகவும் இருந்தது.

எர்வின் எங்களைக் கல்லறைக்கு அழைத்துப் போனார். வண்டியில் ஐந்து நிமிடம். இளஞ்சிவப்புக் கல். வலது பாதியில் பாட்டியின் பெயர். இடது பாதி வழவழவென்று வெறுமையாக இருந்தது. அடுத்த வாரம் கல்வெட்டுபவர் வருவதாக இருந்தாராம். வரவேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன் என்றார். காரணத்தையும் அவராகவே சொன்னார்.

"பாட்டி ஒரு நாளும் கறுப்பு உடுத்தினதில்ல. அதுக்கும் ஊர்ல பேசினாங்க. அந்த லெட்டரையும் வெள்ளைத் தாள்லதான் எழுதச் சொல்லியிருக்காங்க, பாருங்க. புருஷன் செத்துட்டான்னு அவங்க சொன்னதே இல்ல. நாங்கதான் சொல்லிக்கிட்டிருந்தோம்."

எர்வின் அதற்குப் பிறகு இரண்டு வருடம் இருந்தார். கல்லின் அந்தப் பாதியை யாரும் தொடவில்லை என்று அவருடைய மருமகள் எழுதியிருந்தாள்.

நான் நியூஜெர்சி திரும்பியதும் பட்டியலில் எர்வினின் தாத்தா யோஹான் ஷ்மிட்டின் பெயரைச் சேர்க்க வேண்டியிருந்தது. எங்கள் முறைப்படி பெயருக்குப் பக்கத்தில் பிறந்த வருடம், ஒரு சிறு கோடு, இறந்த வருடம். இறந்த வருடம் தெரியாவிட்டால் தெரியவில்லை என்று குறிக்க வேண்டும். கோட்டுக்குப் பிறகு ஒன்றுமே எழுதாமல் விடுவது உயிரோடு இருப்பவர்களுக்கு மட்டும். நான் அவருடைய பிறந்த வருடத்தை எழுதினேன், கோடு போட்டேன், அதோடு நிறுத்திக்கொண்டேன். வாரன் பட்டியலை வரி வரியாகப் படித்து ஒப்பமிட்டார், ஒன்றும் கேட்கவில்லை. இருபத்தாறு வருடத்தில் தெரிந்தே செய்து நான் வருந்தாத தவறு அது ஒன்றுதான். எனக்குப் பின் வருகிறவர்கள் அதைத் திருத்த வேண்டாம்.